சின்ன தோட்டத்துல மறைப்புக்கு ஜூனிப்பர் வைக்கலாமா? உயரத்தை விடுங்க, அகலத்தைப் பாருங்க

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு இடம், வேலி ஓரமா மூணு அடி மண்ணுதான் மிச்சம் இருக்கு, பக்கத்து வீட்டு மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா நாம உக்கார்ற இடம் அப்பட்டமா தெரியுது, வருஷம் பூரா பச்சையா நிக்கிற ஜூனிப்பரை வரிசையா வச்சா மறையுமா, எந்த ரகம் வைக்கலாம், எவ்ளோ இடைவெளி, எத்தனை வருஷம் ஆகும்?

மறையும். நல்ல வெயில் விழுந்து, தண்ணி தேங்காத மண்ணா இருந்தா, சின்ன இடத்துக்கு ஜூனிப்பர் மாதிரி தொல்லை கம்மியான செடி ரொம்ப கம்மிதான். ஆனா இந்த ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வைக்காதீங்க, அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேரு ரகத்தைத் தேடி மண்டையை உடைச்சுக்கறாங்க, மண்ணைத் தோண்டிப் பாக்கறதே இல்ல.

முதல்ல அகலம். ஜூனிப்பர்னா அது ஒரு செடி இல்ல, அம்பது அறுபது இனம் இருக்கு, தரையோட ஒட்டிப் படர்றது ஒரு பக்கம், நாப்பது அம்பது அடி வளர்ற மரம் இன்னொரு பக்கம். சின்ன இடத்துக்கு வேணும்கிறது தூண் மாதிரி நேரா மேல போற ரகம் மட்டும்தான். நர்சரிக்குப் போனா எல்லாரும் "எவ்ளோ உயரம் போகும்"னுதான் கேக்கறாங்க, யாரும் "எவ்ளோ அகலம் ஆகும்"னு கேக்கறதில்ல. உயரம் கொஞ்சம் கூடக் குறைய ஆனா ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனா மூணு அடி இடத்துல எட்டு அடி அகலம் ஆகுற செடியை வச்சா அஞ்சாறு வருஷத்துல நடைபாதை போயிடும், வெட்டவும் முடியாது (ஏன் முடியாதுன்னு கீழ கவாத்து, அதாவது கிளை வெட்டி விடறது பத்திப் பேசும்போது சொல்றேன்). இன்னொண்ணு, தொட்டியில தொங்குற லேபிள்ல போட்டிருக்கிற அளவு பெரும்பாலும் பத்து வருஷக் கணக்கு. பத்து வருஷம் ஆனதும் செடி வளர்றதை நிறுத்திடாது, மெதுவா போய்க்கிட்டேதான் இருக்கும், அதனால லேபிள்ல இருக்கிற அகலத்தோட ஒரு அடி சேத்தே யோசிங்க.

இப்போ உங்களுக்கு எவ்ளோ உயரம் வேணும்? இதை யாரும் கணக்குப் போட்டுப் பாக்கறதில்ல, வேலி நீளம் முழுக்க பதினஞ்சு அடி சுவர் வேணும்னு நெனச்சுக்கறாங்க. நீங்க நாற்காலியில உக்காந்தா கண்ணு தரையில இருந்து சுமார் 4 அடி உயரத்துல இருக்கும். மாடி ஜன்னல்ல நிக்கிறவங்க கண்ணு ஒரு 14 அடி உயரத்துல இருக்குன்னு வைங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல 40 அடி தூரம். அப்போ பார்வைக் கோடு 40 அடிக்கு 10 அடி ஏறுது, அதாவது நாலு அடிக்கு ஒரு அடி. செடியை உங்ககிட்ட இருந்து 10 அடி தள்ளி வச்சா 6½ அடி உயரமே போதும். அதே செடியை 25 அடி தள்ளி வேலி ஓரத்துல வச்சா 10 அடிக்கு மேல வேணும். செடி உங்களுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கோ அவ்ளோ குட்டையா இருந்தா போதும், அவ்ளோ சீக்கிரமும் மறைக்கும். அதனால வேலி முழுக்க இருபது செடி வைக்கிறதுக்கு முன்னாடி, நாற்காலியைப் போட்டு உக்காந்து, ஒருத்தரை நீளமா ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு அங்கங்க நிக்கச் சொல்லுங்க, ஜன்னல் எந்த இடத்துல மறையுதுன்னு பாருங்க. பல சின்ன தோட்டத்துல உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல மூணு இல்ல நாலு செடியே போதும்னு தெரிய வரும், மிச்ச இடம் உங்களுக்கே.

ரகங்களுக்கு வருவோம். ரொம்ப ஒல்லியா வேணும்னா ரெண்டு பேரு அடிக்கடி வரும், ஸ்கைராக்கெட், ப்ளூ ஆரோ. ரெண்டுமே அகலம் ரெண்டு அடி, மிஞ்சினா மூணு. ஸ்கைராக்கெட் 15–20 அடி வரைக்கும் போகும், ப்ளூ ஆரோ 12–15 அடி. என்னைக் கேட்டா ப்ளூ ஆரோ. காரணம், அது தூர் வரைக்கும் தழையோட நிக்கும், நிறமும் நல்ல நீலம், ஸ்கைராக்கெட் வயசானா கீழ வெறிச்சுன்னு ஆகி நடுவுல பிரிஞ்சு விழப் பாக்கும். மூணு அடி மண்ணுல நிம்மதியா நிக்கிறது இந்த ரெண்டு மட்டும்தான்.

நாலு அடி இடம் இருந்தா டெய்லர் பாருங்க. இது ஈஸ்டர்ன் ரெட் சீடர்னு சொல்ற விர்ஜினியானா இனத்துல வர்ற ரகம், அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல டெய்லர்ங்கிற ஊருக்குப் பக்கத்துல கண்டெடுத்தது, அந்த ஊர் பேரையே வச்சுட்டாங்க. அகலம் மூணு நாலு அடி, உயரம் இருபதைத் தாண்டும். கடுங்குளிர், காத்து, வறட்சி எல்லாத்தையும் தாங்குற முரட்டு ரகம். ஸ்பார்ட்டன்னு ஒண்ணு, சைனென்சிஸ் இனம், கரும்பச்சை, நல்லா அடர்த்தி, வேகமாவும் வளரும், ஆனா மூணுல இருந்து அஞ்சு அடி அகலம் ஆகும். விச்சிட்டா ப்ளூ, மூன்க்ளோ ரெண்டும் பாக்க அள்ளும், வெள்ளி கலந்த நீலம், நர்சரியில பாத்தவுடனே வாங்கத் தோணும், ஆனா முதல்ல சொன்னது நாலுல இருந்து ஆறு அடி, ரெண்டாவது எட்டு அடி வரைக்கும் போகும். ஆறு அடி இடம் இல்லன்னா அதைப் பாத்துட்டு வந்துடுங்க, வாங்காதீங்க. ப்ளூ பாயின்ட்டும் அப்படித்தான், தொட்டியில அழகா கூம்பு மாதிரி இருக்கும், வச்சா அடி பெருத்துக்கிட்டே போகும். ஹைபர்னிகான்னு ஒண்ணு ஒல்லியாதான் இருக்கும், ஆனா பனி விழுற ஊர்ல கிளை எல்லாம் நாலா பக்கமும் சாஞ்சுடும்.

சீதோஷ்ணம் பாத்து எடுக்கணும், இது ரொம்ப முக்கியம். ஸ்கைராக்கெட், விச்சிட்டா ப்ளூ, மூன்க்ளோ எல்லாம் ஸ்கோப்புலோரம் வகை, காய்ஞ்ச மலைக்காத்துல வளர்ந்த பரம்பரை. குளிர் எவ்ளோ வேணா தாங்கும், ஆனா சூடும் புழுக்கமும் சேந்த இடத்துல நோய் பிடிச்சு நுனி நுனியா காஞ்சுபோகும். அந்த மாதிரி ஊருக்கு சைனென்சிஸ் இல்லன்னா விர்ஜினியானா ரகம்தான் சரி. ப்ளூ ஆரோவை சிலர் ஸ்கோப்புலோரம்னு எழுதுவாங்க, சிலர் விர்ஜினியானான்னு எழுதுவாங்க, அதைப் பாத்துக் குழம்ப வேணாம், ஆனா ரொம்ப ஈரப்பதமான ஊர்ல அதை நெருக்கமா மட்டும் வைக்காதீங்க.

வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் கட்டாயம் வேணும், எட்டு இருந்தா இன்னும் நல்லது. நிழல்ல வச்சா செத்துடாது, ஆனா தழை நெருக்கமா வராது, உள்ள இருக்கிற தண்டு தெரியும், மறைக்கிறதுக்கு வச்ச செடி வழியா எதிர் வீடே தெரிஞ்சா என்ன பிரயோஜனம். இங்க ஒரு விஷயம், ஆறு அடி மூடின வேலியை ஒட்டி வச்சா வேலிப் பக்கம் இருக்கிற தழை, அதுவும் கீழ் பாதி, நிழல் பட்டு மெலிஞ்சு போகும். அதைப் பாத்து கவலைப்பட வேணாம், கீழ ஆறு அடியை வேலியே மறைச்சுக்குது, நமக்கு வேணும்கிறது வேலிக்கு மேல இருக்கிற பகுதி, அது வெயில்லதான் இருக்கும். கம்பி வேலியா இருந்தா பிரச்சனையே இல்ல, ரெண்டு பக்கமும் வெளிச்சம் வரும்.

இப்போ மண்ணு. ஜூனிப்பர் கல்லு மண்ணு, சுண்ணாம்பு மண்ணு எதுலயும் வந்துடும், கொஞ்சம் உப்பும் தாங்கும், ஒண்ணே ஒண்ணு மட்டும் தாங்காது, வேர்ல தண்ணி நிக்கிறது. நடப்போற இடத்துல ஒரு அடி ஆழம் ஒரு அடி அகலம் குழி தோண்டி தண்ணி ரொப்புங்க, வடிஞ்சதும் மறுபடி ரொப்பி ஒரு குச்சியை நட்டு தண்ணி மட்டத்துல கோடு போட்டுட்டு மணி பாத்துக்கங்க. ஒரு மணி நேரத்துல ஒரு அங்குலமாவது இறங்கினா நடலாம். அடுத்த நாள் காலையிலயும் குழியில தண்ணி மினுமினுன்னு நின்னா அந்த இடத்துல அப்படியே நடாதீங்க, மண்ணைக் குவிச்சு ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு அது மேல நடுங்க. குழிக்கு அடியில ஜல்லி போட்டா தண்ணி வடியும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு, வடியாது, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல தண்ணி தேங்கி வேருக்கு இன்னும் பக்கத்துலதான் நிக்கும். அதே மாதிரி களிமண்ணுல குழி தோண்டி உள்ள மட்டும் பஞ்சு மாதிரி உரமண்ணு ரொப்பினா அந்தக் குழி ஒரு வாளி மாதிரி ஆயிடும், சுத்தி இருக்கிற தண்ணி எல்லாம் அங்க வந்து சேரும். தோண்டின மண்ணையே திருப்பிப் போடுங்க, அது போதும். கூரைத் தண்ணி விழுற குழாய் அந்தப் பக்கம் வந்தா அதையும் முதல்ல திருப்பி விட்ருங்க.

இடைவெளிக்கு நான் சொல்றது, ரகத்தோட முழு அகலம் எவ்ளோவோ அதே அளவு, இல்லன்னா அரை அடி கம்மியா, தண்டுக்குத் தண்டு. ப்ளூ ஆரோன்னா 2½ அடி, அதாவது இருபது அடி நீளத்துக்கு எட்டு செடி. டெய்லர் 3 அடி, விச்சிட்டா ப்ளூ 4 அடின்னா அதே இருபது அடிக்கு அஞ்சு. சீக்கிரம் மூடணும்னு ஒண்ணரை அடியில நெருக்கி வைக்கிறவங்க இருக்காங்க, முதல் மூணு வருஷம் சூப்பரா இருக்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரசுற இடத்துல வெளிச்சம் போகாம தழை உதிரும், மழை பெஞ்சா காயாம ஈரம் உள்ளயே நிக்கும், பூஞ்சைக்கு அதைவிட வேற என்ன வேணும். கொஞ்சம் பொறுங்க. வேலியில இருந்து தண்டு ஒண்ணரை அடியாவது தள்ளி இருக்கணும், உங்க மூணு அடி பட்டையில நட்ட நடுவுல நட்டா சரியா வந்துடும். பின்பக்கம் கையை விட்டு எட்ட முடியாத செடியில நோய் வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. நடறதுக்கு முன்னாடி கீழ கேஸ், தண்ணி, கரன்ட் லைன் எது போகுதுன்னு விசாரிச்சுக்கங்க, எல்லைக்கோடு எங்க இருக்குன்னும் பாத்துக்கங்க, செடி வளர்ந்து பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சா மறைப்புக்கு வச்ச செடியே சண்டைக்குக் காரணமாயிடும்.

வாங்கும்போது பெரிய செடிதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. ஏழெட்டு அடி செடி நட்டா ரெண்டு மூணு வருஷம் வேர் பிடிக்கிறதுலயே போயிடும், மூணு அடி செடி அதுக்குள்ள கிளம்பி வளர ஆரம்பிச்சுடும். தொட்டியில இருந்து மெதுவா உருவிப் பாருங்க, வேர் வட்டம் வட்டமா சுத்தி தொட்டி வடிவத்துலயே இறுகிக் கிடந்தா விட்ருங்க, வேற செடி எடுங்க. வேற வழியில்லன்னா கூர்மையான கத்தியால வேர்ப்பந்தோட நாலு பக்கமும் மேல இருந்து கீழ ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறி, அடியில சுருண்டு கிடக்கிறதை வெட்டி எறிஞ்சுட்டு நடுங்க, பாவம்னு விட்டா பத்து வருஷம் கழிச்சும் அந்த வேர் சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஒரு நாள் பெருங்காத்துல செடி சாயும். தண்டு வேரா விரியுற இடம் மண்ணுக்கு மேல தெரியணும். நர்சரியில தொட்டி மாத்தும்போது அதுக்கு மேல ரெண்டு அங்குலம் மண்ணைப் போட்டு மூடியிருப்பாங்க, விரலால கிளறி அதை எடுத்துட்டு உண்மையான மட்டத்தைக் கண்டுபிடிச்சு, அந்த மட்டம் தரையை விட ஒரு அங்குலம் மேல நிக்கிற மாதிரி நடுங்க. குழி வேர்ப்பந்தோட ரெண்டு மூணு மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்ப்பந்து அளவுதான், அதுக்கு மேல ஒரு அங்குலம் கூட வேணாம். மேல மூடாக்கு (மண்ணை மூடுற காய்ஞ்ச இலை, மரப்பட்டைத் துண்டு மாதிரி) ரெண்டு மூணு அங்குலம், தண்டை ஒட்டாம ஒரு கை அகலம் விட்டுப் போடுங்க.

தண்ணி விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. வறட்சி தாங்கும்னு பேரு வாங்கின செடி, அதனால முதல் வருஷமே தண்ணி ஊத்தாம விட்டு சாகடிக்கிறவங்க ஒரு கூட்டம், தினமும் ஊத்திச் சாகடிக்கிறவங்க இன்னொரு கூட்டம். வறட்சி தாங்குறது வேர் இறங்கின செடி, போன மாசம் நட்டது இல்ல. முதல் வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை, கொளுத்துற வெயில்ல ரெண்டு தடவை, வேர்ப்பந்து முழுக்க நனையுற மாதிரி நின்னு நிதானமா விடுங்க. ரெண்டாவது வருஷம் பத்து பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை. அதுக்கப்புறம் ரொம்ப நாள் மழையே இல்லன்னா மட்டும். விரலை ரெண்டு மூணு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க, ஏன்னா தண்ணி பத்தாம போனாலும் செடி பழுப்பாகும், தண்ணி அதிகமாகி வேர் அழுகினாலும் அதே பழுப்புதான், பாத்தா வித்தியாசமே தெரியாது, பழுப்பைப் பாத்துட்டு இன்னும் தண்ணி ஊத்தினா கதை முடிஞ்சுது. புல்தரைக்குப் போட்ட ஸ்ப்ரிங்க்ளர் தினமும் தழை மேல அடிக்குதுன்னா அதைத் திருப்பி வைங்க, ஜூனிப்பருக்கு சொட்டு நீர்தான் சரி. உரம்? பெருசா வேணாம். யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போட்டா கொழுந்து தளதளன்னு வரும், அந்த இளங்கொழுந்துலதான் நுனிக்கருகல் முதல்ல உக்காரும்.

கவாத்துதான் ஜூனிப்பர்ல நிறைய பேரு மாட்டிக்கிற இடம். செடியை விலக்கி உள்ள பாருங்க, வெளிய ஒரு அடுக்கு பச்சை, உள்ள போகப் போக பழுப்பா காய்ஞ்ச குச்சி. அந்த உள்பகுதிக்கு வெளிச்சம் இல்ல, அங்க தழையும் இல்ல, திரும்பத் துளிர்க்க மொட்டும் இல்ல. செம்பருத்தியை முட்டி அளவுக்கு வெட்டினா பொலபொலன்னு துளிர்த்து வரும், ஜூனிப்பரைப் பச்சை முடியுற இடத்துக்கு உள்ள வெட்டினா அந்த ஓட்டை ஓட்டையாவே நிக்கும், பக்கத்துக் கிளை வளர்ந்து மூடினாத்தான் உண்டு. அதனாலதான் ஆரம்பத்துலயே அகலம் அகலம்னு கத்தினேன், பெருசான அப்புறம் குறுக்க வழியில்ல. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா, பச்சை நுனியை மட்டும், வசந்தத்துல புதுத்துளிர் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வேணும்னா கோடை நடுவுல லேசா இன்னொரு தடவை. வெட்டுற ஒவ்வொரு கிளையிலயும் பின்னாடி பச்சை மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்க. அடி கொஞ்சம் அகலமா, மேல ஒடுங்கி இருக்கணும், மேல் பாகம் குடை மாதிரி விரிஞ்சா கீழ வெளிச்சம் போகாம தூர் காலியாயிடும். ஒல்லி ரகத்துக்கு இது கூட வேணாம், பல வருஷம் கத்திரியே எடுக்க வேண்டி இருக்காது. சின்ன வயசுலயே ரெண்டு தலை போட்டு வளந்துச்சுன்னா ஒண்ணை எடுத்துடுங்க, பின்னால பனியிலயும் காத்துலயும் அது வழியாத்தான் பிளக்கும். ஆமா, இலையுதிர்காலத்துல உள்பக்கம் கொஞ்சம் பழுப்பாகி உதிரும், அது பழைய இலை, பயந்து மருந்து அடிக்காதீங்க. பழுப்பு வெளிநுனியில இருந்து ஆரம்பிச்சாத்தான் விஷயம்.

நுனியில ஆரம்பிக்குதுன்னா முதல் சந்தேகம் ஃபோமாப்சிஸ்ங்கிற பூஞ்சை. ஈரமான வசந்தத்துல இளங்கொழுந்துல வரும், நுனி நாலஞ்சு அங்குலம் முதல்ல வெளிறி, அப்புறம் செம்பழுப்பு, கடைசியில சாம்பல் நிறம். காய்ஞ்ச நுனியும் பச்சைத் தண்டும் சேர்ற இடத்தை உத்துப் பாருங்க, சாம்பல் நிற வளையம், அதுல மிளகுத்தூள் தூவினாப்ல கருப்புப் புள்ளி, அதுதான். கபடினான்னு இன்னொண்ணு இருக்கு, பாக்க அச்சு அசல் இதே மாதிரி, ஆனா குளிர் முடிஞ்ச உடனே, புதுத்துளிர் வர்றதுக்கு முன்னாடியே, போன வருஷக் குச்சி காயும். வெயில் அடிக்கிற காய்ஞ்ச நாளாப் பாத்து வெட்டி எடுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஆல்கஹால்ல துடைங்க, வெட்டினதை அங்கேயே போடாம அப்புறப்படுத்துங்க. காத்தோட்டமும் தழை நனையாம தண்ணி விடறதும்தான் பெரிய மருந்து.

பக்கத்துல ஆப்பிள் மரம் இருக்கா? அப்போ துரு நோயைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. இந்தப் பூஞ்சைக்கு வாழ ரெண்டு செடி வேணும், பாதி வாழ்க்கை ஜூனிப்பர்ல, மீதி ஆப்பிள்ல. ஜூனிப்பர் குச்சியில கோலிக்குண்டு அளவுக்குப் பழுப்பு முடிச்சு வரும், வசந்த மழையில அதுல இருந்து ஆரஞ்சு நிறத்துல கொழகொழன்னு கொம்பு கொம்பா தொங்கும், முதல் தடவை பாக்கறவங்க ஆடிப்போயிடுவாங்க. ஜூனிப்பருக்கு அதால பெரிய சேதம் கிடையாது, ஆப்பிளுக்குத்தான் இலை எல்லாம் மஞ்சள் புள்ளி. விர்ஜினியானா, ஸ்கோப்புலோரம் ரகத்துல இது சகஜம், சைனென்சிஸ் ரகம் பொதுவா நல்லா தாங்கும், ஆப்பிள் முக்கியம்னா ஸ்பார்ட்டன் பக்கம் போங்க.

பூச்சியில ரெண்டைச் சொல்றேன். ஒண்ணு கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன். இது வெயில் காலத்துப் பூச்சின்னு நெனைப்போம், ஜூனிப்பர்ல வர்றது குளிர்ச்சியான வசந்தத்துலயும் இலையுதிர்காலத்துலயும்தான் ஆட்டம் போடும், சேதம் தெரியறது மட்டும் கோடையில, நாம பாக்கும்போது ஆளே இருக்காது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழ பிடிச்சுத் தட்டுங்க, தூசி மாதிரி விழுந்ததுல எது நகருதுன்னு பாருங்க, நகர்றதை விரலால தேச்சா பச்சையா கோடு விழுந்தா அது செடியைத் தின்னுற ஆளு. குழாய்ல வேகமா தண்ணி பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும். கண்ட பூச்சிமருந்தையும் அடிக்காதீங்க, இதைப் பிடிச்சுத் தின்னுற நல்ல பூச்சி முதல்ல சாகும், அப்புறம் பேன் பத்து மடங்காகும். இன்னொண்ணு பேக்வார்ம், செடித் தூளையே பின்னி ஒரு பை பண்ணி அதுக்குள்ள உக்காந்திருக்கும், ஒண்ணரை ரெண்டு அங்குலம், கிளையில காய் தொங்குதுன்னுதான் நெனைப்பீங்க. ஒரு பையில ஐநூறுக்கு மேல முட்டை இருக்கலாம். குளிர்காலத்துல செடி செடியா நின்னு பையைக் கையால பறிச்சு சோப்புத் தண்ணியில போட்டுடுங்க, பையைச் சும்மா கீழ போட்டா முட்டை அங்கேயே பொரியும். மொத்தமா தின்னு மொட்டையாக்கின ஜூனிப்பர் திரும்பி வராது, காரணம் மேல சொன்னதுதான், பழைய குச்சியில மொட்டு கிடையாது.

வைக்கவே கூடாத இடமும் இருக்கு. காட்டுத்தீ பயம் உள்ள பகுதின்னா வீட்டுச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழ, மரப் படிக்கட்டு பக்கத்துல ஜூனிப்பர் ஆகவே ஆகாது, பிசின் நிறைஞ்ச செடி, உள்ள காய்ஞ்ச குச்சி, பிடிச்சா படபடன்னு எரியும், வீட்டை விட்டு முப்பது அடியாவது தள்ளி இருக்கணும், சின்ன தோட்டத்துல அவ்ளோ இடம் ஏது, அப்போ வேற செடிதான். மகரந்த அலர்ஜி இருக்கிறவங்க வீட்டுல ஆண் செடி வேணாம், இதுல ஆண் பெண் பெரும்பாலும் தனித்தனி செடி, விச்சிட்டா ப்ளூ ஆண் ரகம், காய் விழாதுங்கிறது அதுல வசதி, மகரந்தம் கொட்டும்கிறது தொல்லை. குழந்தைங்க விளையாடுற இடத்துல, நடைபாதை ஓரத்துல ஊசி இலை ரகம் வைக்காதீங்க, குத்தும், சிலருக்குத் தோல் தடிக்கும். ஏசியோட வெளி யூனிட் சூடான காத்தை நேரா அடிக்கிற இடமும் வேணாம். பனி கொட்டுற ஊரா இருந்தா குளிருக்கு முன்னாடி மெத்துன்னு ஒரு கயித்தை கீழ இருந்து மேல வரைக்கும் சுத்தி லேசா கட்டுங்க, வசந்தத்துல மறக்காம அவிழ்த்துடுங்க.

நிழல் இடம்னா யூ செடி வரும், ஆனா அது விஷம், குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டுல யோசிக்கணும். எமரால்ட் க்ரீன்னு விக்கிற தூஜாவைப் பத்தியும் கேப்பீங்க, மூணு நாலு அடி அகலம், மெத்துன்னு அழகா இருக்கும், தண்ணி ஜூனிப்பரை விட கூடுதலா கேக்கும், மான் வர்ற ஊர்ல மான் அதைத்தான் முதல்ல தின்னும், ஜூனிப்பரை பெரும்பாலும் தொடாது. லேலண்ட் சைப்ரஸ் மட்டும் சின்ன இடத்துக்குக் கனவுல கூட வேணாம், வருஷத்துக்கு மூணு அடி வளரும்னு சொல்லித்தான் விப்பாங்க, அறுபது அடி போகும்னு சொல்ல மாட்டாங்க.

எத்தனை வருஷம்னு கேட்டீங்க. இந்த ஒல்லி ரகங்க வேர் பிடிச்ச அப்புறம் வருஷத்துக்கு எட்டுல இருந்து பன்னெண்டு அங்குலம் போகும். மூணு மூணரை அடி செடி நட்டா 6½ அடி வர்றதுக்கு நாலு வருஷம் பக்கம், வேலி ஓரத்துல பத்து அடி வேணும்னா ஏழெட்டு வருஷம். அதுவரைக்கும் உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல ஒரு மரச்சட்டம் நிறுத்தி கொடி ஏத்தி விடுங்க, செடிக்கு வெயிலை மறைக்காத பக்கமா பாத்து. அப்புறம் எட்டு வேணும்னா பத்தா வாங்குங்க. மிச்ச ரெண்டையும் பெரிய தொட்டியில போட்டு ஒரு ஓரமா வளர்த்து, வருஷம் தவறாம ஒரு அளவு தொட்டி மாத்திக்கிட்டே வாங்க. வரிசையில நடுவுல ஒண்ணு அஞ்சாவது வருஷம் செத்துச்சுன்னா அதே உயரத்துல அதே ரகம் தேடி அலைய வேண்டி இருக்காது, தொட்டியில இருக்கிறதை எடுத்து அங்க வச்சுடலாம், ஆனா செத்தது ஏன் செத்துச்சுன்னு வேரைத் தோண்டிப் பாத்துட்டு வைங்க.